பத்தாயத்துக்கு ரெண்டு பங்காளி

எங்க வீட்டு நெல்லுக்கு என் சின்ன வயசுல ரெண்டு பங்காளிங்க இருந்தாங்க. ஒண்ணு சிட்டுக்குருவி, இன்னொண்ணு சுண்டெலி. நாலு கட்டு ஓட்டு வீடு, நடுவுல முற்றம், தாழ்வாரத்து ஓரமா பலாப்பலகைப் பத்தாயம். பகல்ல முற்றம் குருவிக்குச் சொந்தம். ராத்திரி பத்தாயத்து அடி எலிக்குச் சொந்தம்.

தை அறுவடை முடிஞ்சதும் எங்க அப்பாயி புதுநெல் கதிரைக் குஞ்சமாகப் பின்னி நிலைப்படிக்கு மேல கட்டித் தொங்க விடும். குருவிங்க வந்து தொத்திக்கிட்டுத் தின்னும். அதே அப்பாயிதான் பொழுது சாஞ்சதும் கருவாட்டுத் தலையைச் செருகி, பத்தாயத்துக்குக் கீழ எலிப்பொறி வைக்கும். எனக்கு எட்டு வயசு இருக்கும். ஒருநாள் கேட்டுட்டேன்: "ரெண்டும் நம்ம நெல்லைத்தானே அப்பாயி திங்குது? அதுக்குக் கதிரு, இதுக்குப் பொறியா?"

"குருவி பட்டப்பகல்ல நம்ம கண்ணு முன்னால தின்னுட்டுப் போவுது. இது இருட்டுல வந்து மூட்டையைக் கடிக்குது. கேட்டுத் திங்கிறவனும் கேக்காம எடுக்கிறவனும் ஒண்ணாடா?" என்றது.

அந்தப் பதில் ரொம்ப நாள் எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்ப வயசு ஐம்பத்தாறு ஆகுது. மகன் பட்டணத்துலேர்ந்து வரும்போதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்லுவான், நானும் தமிழ்ல கிடைக்கிறதைத் தேடிப் படிப்பேன். அப்படிப் படிக்கப் படிக்க, இந்த ரெண்டு பங்காளிங்களோட கதை நான் நினைச்ச மாதிரி இல்லைன்னு தெரிஞ்சுது. அதைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

ஒரே தராசு

சிட்டுக்குருவி ஏறத்தாழ 25 கிராம் எடை. சுண்டெலி அதைவிடக் கொஞ்சம் குறைவு, 20 கிராம்னு வச்சுக்கலாம். தராசுல எதிரும் புதிருமா வைச்சா முள்ளு பெருசா சாயாது. ரெண்டுக்கும் சாப்பாடு தானியம். ரெண்டும் மனுசன் இல்லாத காட்டுல அதிகம் இருக்காது. ஊர் காலியாகி சனங்க கிளம்பிட்டா குருவியும் கொஞ்ச காலத்துல காணாமப் போயிடும்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் உயிரினங்களுக்கெல்லாம் லத்தீன்ல பேர் வச்சுப் போட்ட புத்தகத்துல இந்த ரெண்டு பேருமே இருக்காங்க. குருவிக்கு அவர் வச்ச பேர்ல 'டொமெஸ்டிகா' என்று ஒரு சொல் வருது. 'வீட்டைச் சேர்ந்தது' என்று அர்த்தம். சுண்டெலிக்கு 'மஸ் மஸ்குலஸ்'. அந்த 'மஸ்' என்ற சொல்லும் சமஸ்கிருதத்து 'மூஷிக'மும் ஒரே வேர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்க. 'திருடுவது' என்பதுதான் அந்த வேரோட பொருள் என்று சொல்லுவாங்க. பேர் வைக்கும்போதே ஒருத்தனை வீட்டுக்காரன்னும் ஒருத்தனைத் திருடன்னும் பிரிச்சுட்டாங்க போல. எங்க அப்பாயிக்கு லத்தீனும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது. ஆனா அதுவும் அதேதான் சொல்லிச்சு.

வித்தியாசம் இல்லாம இல்லை. குருவி ஒரு தடவைக்கு நாலஞ்சு முட்டை வைக்கும். பொரிக்கப் பன்னிரண்டு நாள் போல ஆகும், குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இன்னொரு ரெண்டு வாரம். சுண்டெலி மூணு வாரத்துல ஆறேழு குட்டி போடும். அந்தக் குட்டி ஒன்றரை, ரெண்டு மாசத்துல தாயாகிடும். குருவிக்குக் கூடு கட்ட இடம் வேணும், குஞ்சுக்குப் புழு வேணும். எலிக்கு மூட்டைக்குப் பின்னால ஒரு சந்து கிடைச்சாப் போதும்.

இன்னொண்ணு. "குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்தேன்" என்று நாம சொல்றோம். ஆனா சிட்டுக்குருவி நாளைக்குன்னு ஒரு மணி நெல்லைக்கூடச் சேர்த்து வைக்காது. அன்னாடங்காய்ச்சி அது. சேர்க்கிறது எலிதான், அதுலயும் வயல்ல இருக்கிற அகழான். வளையை வெட்டிப் பார்த்தா உள்ளே கதிர் கதிராக அடுக்கி வச்சிருக்கும். அறுப்பு முடிஞ்ச வயல்ல வளை வெட்டி அந்த நெல்லை எடுத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிச்ச குடும்பங்க எங்க ஊர்ல இருந்தாங்க. பஞ்ச காலத்துல எலி சேர்த்து வச்சது மனுசனைக் காப்பாத்தியிருக்கு. குருவி அப்படிக் காப்பாத்தினதா எனக்குத் தெரியாது.

யார் முதல்ல வந்தது?

மனுசன் விவசாயம் பண்ண ஆரம்பிச்சது ஏறத்தாழ 10,000 வருசத்துக்கு முந்தி, இன்னைக்கு இஸ்ரேல், சிரியா, துருக்கி இருக்கிற பக்கத்துல. கோதுமையும் பார்லியும் முதல்ல விளைஞ்சது அங்கேதான். அதுக்கும் முன்னாடியே, சுமார் 15,000 வருசத்துக்கு முன்னால, வேட்டையாடிக்கிட்டு ஒரே இடத்துல கொஞ்ச காலம் தங்கின சனங்களோட குடியிருப்புல சுண்டெலியோட பல்லு கிடைச்சிருக்குன்னு 2017-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. நாம ஏர் பிடிக்கிறதுக்கு முன்னாடியே எலி வந்து குடியேறிடுச்சு!

குருவி வந்தது தானியத்தோட. 2018-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சி, வீட்டுக் குருவியையும் மனுசனை அண்டாம வெளியிலயே வாழ்ற அதோட பங்காளிக் குருவியையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டுக் குருவிக்கு மாவுச்சத்தைச் செரிக்கிறது சம்பந்தமான மரபணுவும், மண்டையோடு, அலகு அமைப்பு சம்பந்தமான மரபணுவும் மாறியிருக்கு. நாம விதைச்ச தானியத்தைக் கடிக்கவும் செரிக்கவும் ஏத்தமாதிரி அதோட உடம்பே மாறிடுச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க நினைக்கிறாங்க. மறு வருசமே வந்த வேறொரு ஆராய்ச்சி, நம்மகூட வாழ்ற நாய், பன்றி, எலி இதுக்கெல்லாமும் மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு பெருகியிருக்குன்னு சொல்லுது. நாம நிலத்தை மாத்தினோம், நிலம் நம்மை மாத்திச்சு. கூட இருந்த இந்த ரெண்டு பேரையும் மாத்திடுச்சு.

எலி வந்த பின்னாடிதான் பூனை வந்தது. சைப்ரஸ் தீவுல 9,500 வருசத்துக்கு முந்தைய புதைகுழி ஒண்ணுல, மனுசனுக்குப் பக்கத்துலயே ஒரு பூனையைப் புதைச்சு வச்சிருக்காங்க. தீவுக்குப் பூனை தானா நீந்திப் போயிருக்காது. நெல்லுக்கு ஆசைப்பட்ட எலி, எலிக்கு ஆசைப்பட்ட பூனை, பூனைக்கு ஆசைப்பட்ட நாம. இப்படித்தான் வீடுன்னு ஒண்ணு உருவாச்சு.

நம்ம ஊர்ல

குறுந்தொகையிலேயே குருவி வருது. பழைய சொல் 'குரீஇ'. வீட்டுக்குள்ள குடியிருக்கிற பறவைன்னுதான் அதைச் சொல்லியிருக்காங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால எழுதினவருக்கும் குருவி வீட்டுக்காரன்தான். பாரதியார், வீட்டுல சமைக்க வச்சிருந்த அரிசியைக் குருவிக்கு வாரி இறைச்ச கதை எல்லாருக்கும் தெரியும். செல்லம்மா அம்மாளோட நிலைமையை நினைச்சா எனக்கு இப்பவும் பாவமா இருக்கும்.

எலிக்கும் நம்ம ஊர்ல மரியாதை இல்லாம இல்லை. பிள்ளையாருக்கு வாகனமே மூஞ்சூறுதானே. (மூஞ்சூறு எலியே இல்லை என்பது வேற கதை. அது தானியம் திங்கிற சாதி இல்லை, பூச்சி பிடிக்கிறது. ஆனா எலின்னு நினைச்சு அதையும் நாம அடிச்சுக் கொல்றோம்.)

அந்த மரியாதையைக் கெடுத்தது பிளேக். 1896-ல் பம்பாயில ஆரம்பிச்சு நாடெல்லாம் பரவின நோய். எலி செத்து விழுந்தா அடுத்து மனுசன்னு சனங்க பயந்தாங்க. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-ல் கராச்சியில ஆராய்ச்சி பண்ணி, நோயைக் கடத்துறது எலி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சின்னு கண்டுபிடிச்சார். முதல்ல யாரும் நம்பலை. கோயம்புத்தூர்ல பிளேக் அடிச்ச அடியில, பிளேக் மாரியம்மன் என்று கோயிலே வந்துடுச்சு, இன்னைக்கும் இருக்கு. வீட்டெலி, பெருச்சாளி, சுண்டெலின்னு சனங்க பிரிச்சுப் பார்க்கலை, எலின்னாலே சாவுன்னு ஆச்சு. 1994-ல் சூரத்துல பிளேக்னு செய்தி வந்தப்ப எங்க ஊர் டீக்கடையில கூட அதே பயத்தைப் பார்த்தேன்.

குருவியையும் எலியையும் ஒரே ஆளோட சேர்த்த ஒரு சங்கதியும் உண்டு. சலீம் அலி சின்னப் பையனா இருந்தப்ப ஏர்கன்னால ஒரு குருவியைச் சுட்டார், கழுத்துல மஞ்சத் தீற்று இருந்த வேற வகைக் குருவி. அது என்ன பறவைன்னு தெரிஞ்சுக்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனார். அங்கே செயலாளரா இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர்தான் அந்தப் பையனுக்குப் பறவைகளைக் காட்டிக் கொடுத்தார். அந்த ஒரு குருவியாலதான் சலீம் அலி பறவை மனிதர் ஆனார். தன் வரலாற்றுக்கே குருவி பேரைத்தான் வச்சார். அதே மில்லார்ட் முன்னின்னு 1911-ல் தொடங்கினதுதான் இந்தியப் பாலூட்டிகள் கணக்கெடுப்பு. அவர் பேரை ஒரு எலி இனத்துக்கு வச்சாங்க, 'மில்லார்டியா' என்று. எங்க வயல்ல புல்லெலின்னு நாங்க சொல்ற மெத்துமெத்து மயிர் உள்ள எலி அந்த வகைதான்.

சட்டி தட்டினது

இனி சொல்லப்போறது நம்ம ஊர்க் கதை இல்லை, சீனாக் கதை. ஆனா ஒவ்வொரு விவசாயியும் தெரிஞ்சுக்கணும்.

1958-ல் மாவோ ஆட்சியில நாலு எதிரிகளை ஒழிக்கணும்னு ஒரு இயக்கம் தொடங்கினாங்க. எலி, ஈ, கொசு, குருவி. பட்டியலைப் பாருங்க, எங்க பத்தாயத்துப் பங்காளிங்க ரெண்டு பேரும் இருக்காங்க. (அங்கே உள்ள குருவி கன்னத்துல கரும்பொட்டு வச்ச வேற வகை, ஆனா குணம் ஒண்ணுதான்.) குருவி தானியத்தைத் திங்குது, அதை ஒழிச்சா அவ்வளவும் மனுசனுக்கு மிச்சம்னு கணக்குப் போட்டாங்க.

ஊரு சனம் மொத்தமும் தெருவுக்கு வந்து சட்டி, தட்டு, தம்பட்டம் தட்டினாங்க. குருவியை எங்கேயும் உட்கார விடலை. பறந்து பறந்து களைச்சு, வானத்துலேர்ந்து பொத்துப் பொத்துன்னு விழுந்து செத்துச்சு. கூட்டைப் பிரிச்சாங்க, முட்டையை உடைச்சாங்க. ஜெங் ட்சுவோஷின் என்ற பறவை அறிஞர், குஞ்சு வளர்க்கிற காலத்துல குருவி பூச்சியைத்தான் கொண்டு போகுது, இப்படிச் செய்யாதீங்கன்னு சொன்னார். பின்னாடி கலாச்சாரப் புரட்சி நடந்தப்ப அதுக்காகவே அவரைப் பாடுபடுத்தினாங்க.

எலி என்னாச்சு? ஒழியலை. வளைக்குள்ள இருக்கிறவனுக்குச் சட்டி தட்டினா என்ன, சங்கு ஊதினா என்ன? வெட்டவெளியில நம்மை நம்பி வந்து உட்கார்ந்தவன்தான் செத்தான். மறைஞ்சு வாழ்ந்தவன் பிழைச்சுக்கிட்டான்.

குருவி போனதும் பூச்சியும் வெட்டுக்கிளியும் பெருகிடுச்சு. 1959-லேர்ந்து 1961 வரைக்கும் சீனாவுல பெரும் பஞ்சம். செத்தவங்க ஒன்றரைக் கோடியிலேர்ந்து நாலு கோடிக்கு மேல வரைக்கும் ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. எல்லாப் பழியையும் குருவி மேல போட முடியாது. விவசாயிகிட்ட இருந்த நிலத்தையும் அடுப்பையும் பிடுங்கி ஒண்ணாச் சேர்த்தது, விளையாத நெல்லை விளைஞ்சதா மேலிடத்துக்குப் பொய்க் கணக்கு கொடுத்தது, அந்தப் பொய்க் கணக்குப்படியே கொள்முதல் பண்ணினது, இதெல்லாம்தான் பெரிய காரணம். ஆனா பஞ்சத்துல குருவிக்கும் ஒரு பங்கு உண்டு. 1960-ல் பட்டியல்லேர்ந்து குருவியை எடுத்துட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தாங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான்னு நம்ம ஊர்ல ஒரு சொலவடை உண்டு. அவங்க முதல்ல வீட்டைக் கொளுத்திட்டு அப்புறம் மூட்டைப்பூச்சியைத் தேடினாங்க.

இதுக்கு நேர்மாறா அமெரிக்காவுல நடந்துச்சு. மரத்துப் புழுவைத் தின்னட்டும்னு 1850-களில் நியூயார்க் புரூக்ளின்ல குருவியை இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல கொண்டாந்து விட்டாங்க. பெருகிப் பெருகி நாடு பூரா பரவிடுச்சு. 1889-ல் அந்த நாட்டு விவசாயத் துறையே குருவியால வர்ற கெடுதல் பற்றித் தடிமனா ஒரு புத்தகம் போட்டது. சுண்டெலியை யாரும் கொண்டு போகலை, கேக்காமலே கப்பல் ஏறிப் போச்சு. ஒரே குருவி ஒரு நாட்டுல நண்பன், ஒரு நாட்டுல எதிரி. குருவி மாறலை. கணக்குப் போடுற ஆள்தான் மாறிக்கிட்டே இருக்கான்.

நான் போட்ட கணக்கு

சீனாக்காரனைச் சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இருக்கான்னு கேட்டா, இல்லை.

1998 தை. சம்பா நல்ல விளைச்சல். விலை ஏறட்டும்னு மூட்டையைத் தாழ்வாரத்துலயும் திண்ணையிலயும் அடுக்கி வச்சிருந்தேன். தினம் ரெண்டு மூட்டை ஓட்டை, நெல்லு வழிஞ்சு கிடக்கும். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்குத் திங்கிறது மூணு நாலு கிராம்தான். ஆனா அது கடிச்சுக் கொட்டுறதும் கழிஞ்சு வைக்கிறதும் திங்கிறதைப் போலப் பல மடங்கு. பொறியில நாளுக்கு ஒண்ணு விழுந்துச்சு, போதலை. கடைக்குப் போய்க் கருப்புப் பொடி வாங்கியாந்தேன், துத்தநாக பாஸ்பைடு. பூண்டு வாசனை அடிக்கும். நொய்யில எண்ணெய் விட்டுப் பிசறி, கொட்டாங்கச்சியில வச்சு மூட்டை இடுக்குல வச்சேன். அப்பாயி அப்ப எண்பதைத் தாண்டிடுச்சு, திண்ணையில படுத்திருந்தது. "என்னடா வைக்கிறே"ன்னு கேட்டுச்சு. "எலிக்கு"ன்னேன்.

ராத்திரி எலி கொட்டாங்கச்சியை உருட்டி விட்டிருக்கு. நொய் முற்றத்துல சிதறிக் கிடந்துச்சு. நான் விடிகாலையில தண்ணி பாய்ச்சப் போயிட்டேன். எட்டு மணிக்கு வந்து பார்த்தா, முற்றத்துல பதினோரு குருவி. ஒண்ணு ரெண்டு இன்னும் இறக்கையை அடிச்சுக்கிட்டிருந்துச்சு. எலி ரெண்டே ரெண்டு.

அப்பாயி என்னைத் திட்டலை. ஒவ்வொண்ணா எடுத்து முறத்துல வச்சுது. கொல்லையில முருங்கை மரத்தடியில குழி வெட்டச் சொல்லுச்சு. சாயந்திரம் ஒரு முக்காலியைப் போட்டு, என் மனைவியை ஏறச் சொல்லி, நிலைப்படியில கட்டியிருந்த கதிர்க் குஞ்சத்தை அவுத்துடுச்சு. "வந்து தின்னுன்னு கூப்பிட இனிமே நமக்கு வாய் இல்லை" என்றது. அவ்வளவுதான். மறு வருசம் அப்பாயி போயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசல்ல யாரும் கதிர் கட்டலை.

ஆறு மில்லிமீட்டர்

பட்டணத்துல இருக்கிற நண்பர்கள் பலபேர், செல்போன் டவரால குருவி அழிஞ்சு போச்சுன்னு எனக்கு எழுதுறீங்க. 2.0 படம் வந்த பிறகு இன்னும் அதிகமா எழுதுறீங்க. அதுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கலை. 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தா சிட்டுக்குருவி எண்ணிக்கை பெருசா குறையலை, சென்னை மாதிரி பெரிய நகரங்கள்லதான் குறைஞ்சிருக்குன்னு சொல்லுது. இங்கிலாந்துல குருவி குறைஞ்சதை ஆராய்ஞ்சு பார்த்ததுல, குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சி போதலைங்கிறது ஒரு முக்கியக் காரணமா தெரிஞ்சுது. குருவி தானியம் திங்கலாம், ஆனா பிறந்த குஞ்சுக்கு முதல் சில நாள் புழு பூச்சிதான் வேணும். நாம மருந்தடிச்சுப் பூச்சியைக் கொன்னா குஞ்சு பட்டினி.

எங்க வீட்டுல குருவி போனதுக்கு டவர் காரணம் இல்லை. நான்தான். முதல்ல விஷம் வச்சேன். அப்புறம் 2004-ல் ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு மாடி வீடு கட்டினேன். முற்றம் போச்சு. மிஷின் அறுப்பு வந்து களத்துமேடு போச்சு. களத்துல சிந்துற நெல்லும் தூத்துற பதரும் போச்சு.

சமீபத்துல ஒரு அளவு படிச்சேன். குருவி உள்ளே நுழையணும்னா ஓட்டை 32 மில்லிமீட்டர் அகலம் வேணுமாம். சுண்டெலிக்கு 6, 7 மில்லிமீட்டர் போதும், ஒரு பென்சில் நுழையிற இடம். கதவு அடியில, குழாய் ஓரத்துல, வயர் போற துவாரத்துல அவ்வளவு இடம் எந்த வீட்டுலயும் இருக்கும். யோசிச்சுப் பாருங்க. ஆயிரக்கணக்கான வருசமா நம்மகூட வந்த பங்காளிங்கள்ல, நாம வேண்டாம்னு பொறி வச்சவன் இன்னமும் உள்ளேதான் இருக்கான். வா வான்னு கதிர் கட்டிக் கூப்பிட்டவனைச் சிமெண்டு வச்சு அடைச்சுட்டோம்.

எங்ககிட்ட மிச்சம் இருக்கிற ஓட்டுக் கட்டடம் ஒண்ணே ஒண்ணு, மாட்டுக்கொட்டகை. அதோட விட்டத்து இடுக்குல இப்ப மூணு ஜோடிக் குருவி இருக்கு. அதைப் பிரிச்சுட்டுத் தகரம் போட்டு, எலி ஏறாத மாதிரி நெல் குடோன் கட்டணும்னு மகன் சொல்றான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. போன வருசம் மட்டும் நாலஞ்சு மூட்டை எலியால வீணாச்சு. ஓட்டுக் கூரையை விட்டா அந்த இடுக்குல குருவியும் வரும், எலியும் வரும். குருவிக்கு மட்டும்னு ஒரு ஓட்டை கிடையாது. ஒருத்தனை வச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் பங்கு கொடுத்துத்தான் ஆகணும்.

ரெண்டு வாரம் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். குடோன் கட்டுறது தெற்கால, தனியா. கொட்டகையோட ஓடு அப்படியே இருக்கும். விஷம் வீட்டுக்குள்ள வராது, பொறியும் பூனையும்தான். வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு மூட்டை போனா போகட்டும்னு நான் சொன்னதுக்கு அவன் முகம் சுளிச்சான். அது என் கணக்குல எழுதிக்கோன்னு சொல்லிட்டேன்.

இந்தத் தையில, அறுப்பு மிஷின் வர்றதுக்கு முதல் நாள், மேட்டு வயல் மூலையில ரெண்டு கை கதிரைக் கருக்கருவாளால நானே அறுத்துக்கலாம்னு இருக்கேன். குஞ்சம் பின்ன எனக்குப் பாதிதான் தெரியும். கீழத்தெருவுல ஒரு ஆத்தாவுக்கு இன்னும் கை மறக்கலை, கத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கு. வீட்டு நிலைப்படியில கட்ட எனக்குத் துணிச்சல் வரலை. கொட்டகை வாசல்ல கட்டுவேன். குருவி வந்து தின்னா அடுத்த பதிவுல எழுதுறேன்.